பிலோமினாவை ஊருக்கு அழைத்துப் போனோம்

என் முதல் நாவல் புத்தகமாக வெளிவந்தபோது பாராட்டிச் சில கடிதங்கள் வந்தன. ஒரு கடிதம் மட்டும் பாராட்டவில்லை, கூப்பிட்டது. இடுக்கி ஜில்லாவில் சக்குபள்ளம் என்ற ஊரிலிருந்து பதிப்பாளர் முகவரிக்கு வந்து, அங்கே ஒரு மாதம் தூங்கிவிட்டு, சென்னையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஏதோ நோட்டீஸின் பின்பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்து. “ருக்மணிக்கு பிலோமினா எழுதுவது. நான் சொல்ல என் மகள் ஸ்டெல்லா எழுதுகிறாள்” என்று ஆரம்பம்.

நாவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஊரில் வளர்ந்த மூன்று பெண்கள் பிரிந்துபோகிறார்கள். இருபது வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். முதல் பாதி நடந்தது. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நானும் விசாலமும் பிலோமினாவும் அப்படித்தான் வளர்ந்தோம். நான் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண், விசாலம் அக்ரஹாரத்துப் பெண், பிலோமினா மாதா கோவில் தெருவில் வேதக்காரர் வீட்டுப் பெண். மூவரும் சேர்ந்தேதான் சித்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். நாவலின் இரண்டாம் பாதி என் கற்பனை. பிரிந்த பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை.

“உன் புத்தகத்தில் நாம் ஊரில் சேர்ந்துவிட்டோம். நிஜத்தில் நான் அந்த மண்ணை மிதித்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சு. இப்போது போயே ஆக வேண்டும். நீ கூட வருவாயா?” என்று கேட்டிருந்தாள். ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கும் போலிருந்தது, ஆனால் அது கேரளத்துக்காரர்களுக்கு மட்டும். அப்பா சாமுவேல் திருநெல்வேலிக்காரர். பிள்ளை, அவர்கள் வேலை செய்யும் ஏல எஸ்டேட்டில் பிறந்ததற்குப் பதிவு எதுவும் இல்லை. தாயாவது கேரளத்தில் பிறந்தவள் என்று அவள் பிறந்த ஊர் வில்லேஜ் ஆபீசில் சர்ட்டிபிகேட் வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். அதற்கு அந்த ஊரில் இருக்கும் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் மிச்சமிருந்தவர் அண்ணன் லூர்துசாமி ஒருவர்தான்.

லூர்துசாமி, தனக்குத் தங்கையே இல்லை என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வருபவர். பிலோமினா பதினேழு வயதில் சாமுவேலோடு போய்விட்டாள். அரிசியும் தேங்காயும் ஏற்ற எங்கள் ஊருக்கு வரும் எஸ்டேட் லாரியில் வந்தவர் சாமுவேல். அவரும் கிறிஸ்தவர்தான், ஆனால் வேறு சபை. மாதா இல்லாத கோவிலில் போய்த் தாலி கட்டிக்கொண்டவளுக்கு என் வீட்டில் இடமில்லை என்றுவிட்டார் அண்ணன். எங்கள் அப்பாவின் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்தவர் என்பதால், நான் சொன்னால் கேட்பார் என்று பிலோமினா நம்பினாள்.

நான் விசாலத்துக்கும் எழுதினேன். அவள் பாலக்காட்டில், கல்பாத்தியில் இருந்தாள். நாவலில் மூன்று பேர் இருக்கிறார்களே, இரண்டு பேர் மட்டும் போவது சரியில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு கார்டில் பதில் வந்தது. “வா. நானும் வரேன்.” அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில் ஒரு மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் விடைத்தாள்களைக் கட்டி வைத்துவிட்டு ரயில் ஏறினேன்.

ஒலவக்கோடு ஸ்டேஷனில் விசாலம் குடையோடு நின்றிருந்தாள். பதினைந்து வயதில் பார்த்தவள். இப்போது காதோரம் நரை, மூக்கில் வைரம், கையில் குடும்பப் பெண்ணின் துணிப்பை. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. ரயில் ஒன்றரை மணி லேட் என்றும், அவள் வைத்த சாதம் ஆறிப்போயிருக்கும் என்றும் என்னைக் கோபித்தாள். ரயிலை நான் ஓட்டி வந்ததுபோல் இருந்தது.

அவள் வீட்டில் மொளகூட்டலும் சேனை வறுவலும் சாப்பிட்டேன். பாசிப்பருப்பும் தேங்காயும் கீரையும் சேர்ந்த அந்தக் குழம்பைச் சென்னையில் நான் எத்தனையோ முறை செய்து பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட வந்ததில்லை. சென்னையில் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் நான். இங்கே வீட்டுக்குப் பின்னால் ஆறே ஓடியது. விசாலத்தின் கணவர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் ஸ்லேட்டும் நோட்டுமாக வந்து உட்கார்ந்தார்கள். விசாலம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவர்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தாள். எங்கள் வகுப்பில் கணிதத்தில் அவள்தான் முதல். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முழுக்கப் பஸ். கேரளத்தின் சிவப்புப் பஸ்ஸில் ஏறி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி கேரளத்துக்குள் போக வேண்டிய விசித்திரமான வழி அது. பொள்ளாச்சியில் வெற்றிலைக் கூடையோடு ஏறிய பெரியவர் ஒருவர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு பொம்பளைகள் தனியாக அவ்வளவு தூரம் எதற்குப் போகிறோம் என்று விசாரித்தார். “கல்யாணத்துக்குங்களா, எழவுக்குங்களா?” இரண்டும் இல்லை, கூடப் படித்த சிநேகிதியைப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் பழனி வரும்வரை அதை யோசித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, நம்பிக்கை இல்லாமல், “பத்திரமாப் போய்ட்டு வாங்க” என்றார்.

ராத்தங்கலுக்குக் கம்பத்தில் ஒரு லாட்ஜ். ஆண் துணை இல்லாத பெண்களுக்கு அறை தருவதா வேண்டாமா என்று மேனேஜர் திகைத்தபோது, விசாலம் தன் கணவரின் பெயரையும் ஆபீஸ் விலாசத்தையும் கடகடவென்று சொல்லி, வேண்டுமானால் டிரங்க் கால் போட்டுக் கேட்டுக்கொள்ளும்படி சொன்னாள். டிரங்க் கால் செலவை நினைத்தோ என்னவோ, சாவியைக் கொடுத்துவிட்டார். அங்கே கிடைத்த கறுப்புத் திராட்சையின் புளிப்பு இன்னும் என் பல்லில் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை மலையேற ஜீப். எட்டுப் பேர் உட்கார வேண்டியதில் பதினாலு பேர். எனக்கும் விசாலத்துக்கும் நடுவில் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, முப்பது வயதிருக்கும், வயிறு பெருத்து, சாய முடியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் அரிசி தேடி ஜீப்பை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குள் கொண்டுபோவது குற்றம். அந்தப் பெண் சேலையை இழுத்து வயிற்றை இறுக மூடிக்கொண்டாள். சேலைக்குள் இருப்பது குழந்தை இல்லை, அரிசிப்பை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

விசாலம் அந்தப் பெண்ணின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “ஏழாம் மாசமாக்கும். தலை சுத்தறது இவளுக்கு. சீக்கிரம் விடுங்கோ” என்றாள். சாவடிக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு அடுத்த பக்கம் போனார். இரண்டு வளைவு தாண்டிய பிறகு ஜீப் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் மடியிலிருந்து வெற்றிலை எடுத்து விசாலத்திடம் நீட்டினாள். விசாலம் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். நாலு என்று பதில் வந்தது.

அடுத்த வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போக, எல்லோரும் இறங்கினோம். நாங்கள் இருவரும் சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தோம். கீழே கம்பம் பள்ளத்தாக்கு, வயலும் திராட்சைத் தோட்டமுமாகக் கிடந்தது. காற்று சில்லென்று வந்தது.

“உன் நாவலை நான் ரெண்டு பிராவசியம் வாசிச்சேன்” என்றாள் விசாலம். இரண்டு தடவை படித்தாளாம். “நன்னாத்தான் எழுதியிருக்காய். ஆனா வாய்க்கால் நம்ம ஊருக்கு வடக்காலயாக்கும். நீ தெக்கால கொண்டுபோய் விட்டிருக்காய்.”

வேறென்ன தோன்றியது என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது.

பிலோமினாவுக்கு சாமுவேல் எழுதிய கடிதங்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாரி எங்கள் வீட்டுக் களத்தில்தான் நிற்கும். என் புத்தகப் பைக்குள் கடிதம் வரும், பள்ளிக்குப் போகும் வழியில் அவள் கைக்குப் போகும். அவள் ஓடிப்போன அன்று லூர்துசாமி எங்கள் வாசலுக்கு வந்து அழுதார். அப்பா என்னைக் கூப்பிட்டு, கடிதம் கொண்டுபோனது யார் என்று கேட்டார். எனக்குப் பதினாறு வயது. விசாலம் என்று சொன்னேன். லூர்துசாமி நேரே அக்ரஹாரத்துக்குப் போய், தெருவே கேட்க விசாலத்தின் அப்பாவை ஏசினார். மறுநாளிலிருந்து விசாலம் பள்ளிக்கு வரவில்லை. மூன்று மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். அவள் பிறந்த குடும்பமும் வீட்டை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டது. இதெல்லாம் போதாதென்று, நாவலிலும் கடிதம் கொண்டுபோகும் வேலையை விசாலத்துக்கே கொடுத்திருந்தேன். அங்கே அதைத் துணிச்சலான காரியம்போல அழகாக எழுதியிருந்தேன்.

சக்குபள்ளத்தில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. தோட்டத்து வழியில் நடந்து லயத்துக்குப் போவதற்குள், வரிசையாகக் கட்டிய அந்தத் தொழிலாளர் வீடுகளில் முதல் வாசலைத் தொடுவதற்குள், என் காலில் மூன்று அட்டைகள். சாமுவேல் ஓடிவந்து சுண்ணாம்பு தடவி எடுத்துப் போட்டார். உயரமான, முன்னந்தலை வழுக்கையான மனிதர். “வாங்க, உள்ள வாங்க. இவ ரெண்டு நாளா ஒறங்கவே இல்ல” என்றார்.

பிலோமினா கதவுக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் மூவரிலும் பெரிய உருவமாக இருந்தவள் இப்போது ஒரு பிடி இருந்தாள். “வந்துட்டீகளா” என்றாள். பேச்சு முழுக்க மாறியிருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சின் ஒரு சொல்கூட அவள் வாயில் இல்லை. பிறகு விசாலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அவித்த மரவள்ளிக் கிழங்கும், பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் நசுக்கிய சம்மந்தித் துவையலும், பால் இல்லாத காப்பியும் வந்தன. விசாலத்துக்காக மட்டும் புதுச் சட்டி வாங்கி அதில் தனியாக அவித்திருந்தாள் பிலோமினா. “புதுச் சட்டி எதுக்குடி, அலம்பினா போறாதா” என்று சொல்லி விசாலம் என் தட்டிலிருந்த கிழங்கையே எடுத்துத் தின்றாள். ஸ்டெல்லா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் படித்தவர்கள் எழுந்து வந்து கிழங்கு தின்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அப்போதுதான் பிலோமினா, கள்ளமே இல்லாமல், அதைக் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் ருக்கு. கடுதாசி கொண்டாந்தது நீதான? பொஸ்தகத்துல ஏன் விசாலம் கொண்டாந்தான்னு எழுதுன?”

“ஊரிலேயும் அப்படித்தான் சொன்னேன்” என்றேன். பிலோமினாவுக்குப் புரியவில்லை. அவள் போன பிறகு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னேன். அப்பா கேட்டது, நான் சொன்ன பெயர், லூர்துசாமி அக்ரஹாரத்துக்குப் போனது, பள்ளிக்கூடம் நின்றது, கல்யாணம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். விசாலம் தட்டிலிருந்த கிழங்கைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள் அவள். “மூணு பேர்ல நான் இல்லை. இவ ஊர்லயே இல்லை. மிச்சம் ஆரு? சின்னக் கணக்குத்தானே. இல்லைன்னு நானும் அழுது அழுது சொன்னேன். ஆரும் கேக்கலை. அப்பறம் நாவல் வந்துதுன்னு கேள்விப்பட்டப்போ, இதுலயாவது நெஜத்தை எழுதியிருப்பாய்னு நெனச்சேன். பாத்தா அதுலயும் நானாக்கும் கொண்டுபோறேன். அதுக்காகத்தான் ரெண்டாம் பிராவசியம் வாசிச்சேன். எங்கயாவது மாத்தியிருக்கியான்னு பாக்க.”

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். “இப்போ அதைக் கேக்காதே. எனக்கு வாயில வரலை. இவ பொண்ணு காரியம் முடியட்டும்.”

சாமுவேல் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். கடுதாசியை எழுதியவன் நான், எனக்கும் அதில் பங்கு உண்டு என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மழையில் எங்கோ போனார். பிலோமினா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. விசாலத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதாள், எழுந்து வேலை பார்த்தாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் என் பக்கம் திரும்பாமலே, “வெந்நி போட்டுருக்கேன், குளி” என்றாள். அந்த வெந்நீரைப்போல ஒன்று எனக்குச் சென்னையில் கிடைத்ததில்லை.

திரும்பும் பயணத்தில் நாலு பேர். சாமுவேல் வரவில்லை. தன் முகத்தைப் பார்த்தால் மச்சானுக்குக் கையெழுத்து வராது என்றார். பிலோமினாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடியே வந்தாள். ஸ்டெல்லாவோ கண்ணை மூடவே இல்லை. இவ்வளவு தூரத்துக்கு மேடு பள்ளமில்லாத பூமியை அவள் பார்த்ததில்லையாம். வழியெல்லாம், இது வயலா, இது குளமா, இந்த மரங்களெல்லாம் ஏன் தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கல்பாத்தியில் ஒரு ராத்திரி படுத்தெழுந்து, காலையில் சித்தூர் பஸ் பிடித்து, எங்கள் ஊருக்கு வந்தோம். ஊரின் பெயரை நாவலில் மாற்றியிருந்தேன். இங்கும் சொல்லப் போவதில்லை.

மாதா கோவிலில் வேலை சுலபமாக முடிந்தது. பெரிய புத்தகத்தில் பிலோமினாவின் ஞானஸ்நானம் பதிவாகியிருந்தது. சாமியார் அதைப் பார்த்துப் பிரதி எழுதிக் கொடுக்கும்வரை, அவள் தன் பெயர் இருந்த வரிக்குக் கீழே, அப்பா அம்மா பெயர்களின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றாள்.

லூர்துசாமி வீட்டில் அவருடைய மனைவி எங்களைப் பார்த்துப் பதறி, தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் மண்வெட்டியோடு அவரே வந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். “வாங்க அம்மிணி. அய்யா சவுக்கியமுங்களா?” கோயமுத்தூரில் அண்ணனோடு இருக்கிறார், சௌக்கியம் என்றேன். அப்புறம் பிலோமினாவைப் பார்த்தார்.

“அண்ணா, நாந்தானுங்க” என்றாள் அவள். அத்தனை வருஷம் காணாமல் போயிருந்த ஊர்ப் பேச்சு அந்த வாசலில் அவளுக்குத் திரும்பி வந்திருந்தது.

அவர் கண் நகர்ந்து விசாலத்தின் மேல் நின்றது. அடையாளம் தெரிந்தது. “இவிங்க என்ற வாசப்படி ஏறக் கூடாதுங்க” என்று என்னிடம் சொன்னார். “பச்சப் புள்ளைக்குக் கடுதாசி கொண்டாந்து குடுத்துக் கெடுத்தவிங்க.”

நான் வாயைத் திறந்தேன். விசாலம் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இப்போது உண்மையைச் சொன்னால், யார் பேச்சைக் கேட்பார் என்று நம்பி வந்தோமோ அந்த என் மேலேயே கோபம் திரும்பும். கையெழுத்து போய்விடும். அவள் தானாகவே ரோட்டுக்கு நடந்து, குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இது மூன்றாவது தடவை. அப்பா கேட்டபோதும் நாவலிலும் எனக்காக உண்மையை மூடினேன். இந்தத் தடவை அவள் மூடச் சொன்னாள் என்றாலும், வலி ஒன்றும் குறையவில்லை.

வந்த விஷயத்தைச் சொன்னேன். லூர்துசாமி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு ஸ்டெல்லாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கேள்வியை என்னிடம்தான் கேட்டார். “படிச்சு முடிச்சா நர்ஸம்மா ஆயிருமுங்களா?” ஆகிவிடும் என்றேன். உள்ளே போனார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்து, எங்களுக்கு முன்னால் நடந்தார்.

வில்லேஜ் ஆபீசர் தெற்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் புரியாதவர். ஞானஸ்நானப் பிரதியைப் படித்துவிட்டு, ஒரு ஃபாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்து, லூர்துசாமியிடம் மலையாளத்தில் கேட்டார். இந்த ஸ்திரீயைத் தெரியுமா? தெரியும் என்றார். எப்படித் தெரியும், உங்களுக்கு யார்?

லூர்துசாமி ஜன்னலைப் பார்த்தார். ஆபீசருக்கு அவசரம் எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தில் ஒரு சொல் எழுத வேண்டும், அதற்காகப் பேனாவோடு காத்திருந்தார்.

“என்ற பொறந்தவளுங்க” என்றார் லூர்துசாமி, தொண்டைக்குள்.

ஆபீசருக்குப் புரியவில்லை. யார் என்று மறுபடி கேட்டார்.

இந்த முறை மலையாளத்தில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “எண்டெ பெங்ஙள்.” என் தங்கை.

பிலோமினா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். லூர்துசாமி கையெழுத்துப் போட்டார். எழுத்து எழுத்தாக, காகிதம் கிழிந்துவிடுமோ என்று பயப்படும்படி அழுத்தி. அந்தக் காகிதம் போதுமானதாக இருந்தது. அந்த ஜூலையில் ஸ்டெல்லா படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

சர்ட்டிபிகேட் ஸ்டெல்லாவின் கைக்கு வந்ததும் நான் லூர்துசாமியை ஆபீஸ் வராந்தாவில் நிறுத்தினேன். கடிதம் கொண்டுபோனவள் நான், விசாலம் இல்லை என்றேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான், ஆனால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“அய்யா கேட்டப்ப நீங்கதானுங்களே அவங்க பேரைச் சொன்னீங்க?”

“பொய் சொன்னேன்.”

குத்தகைக்கு நிலம் தந்தவர் மகளைப் பார்க்கிற மாதிரி அவர் இப்போது என்னைப் பார்க்கவில்லை. கோபிப்பார் என்று காத்திருந்தேன். “அந்தப் புள்ள அன்னிக்கு உள்ளார நின்னு அழுதுட்டே இல்லை இல்லைன்னுச்சுங்க. நாந்தான் கேக்கல” என்றார்.

எங்கள் பின்னாலேயே வந்து ஆபீசுக்கு வெளியே ரோட்டோரம் நின்ற விசாலத்திடம் போனார். பேசியது நான் கேட்கும் தூரத்தில்தான் நடந்தது. தப்புப் பண்ணிவிட்டேன், வீட்டுக்கு வாருங்கள் என்றார். விசாலம் குடைக்குள்ளிருந்து அவரை நிதானமாகப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

“நீங்க எங்கிட்ட வந்து சத்தம் போடலை. எங்கப்பாகிட்டயாக்கும் போட்டேள். தெருவே கேட்டுது. அப்பறம் அப்பா கோவிலுக்குக்கூடப் போகலை. இப்போ அப்பா இல்லை. அந்த ஆத்துல வேற ஆரோ இருக்கா. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போறது?”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அக்ரஹாரத்தைப் பார்த்து நடந்தார். எதற்கு என்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. நாங்கள் நால்வரும் பின்னால் போனோம். நடுத்தெருவில், விசாலத்தின் பழைய வீட்டுக்கு எதிரே, அன்று நின்ற இடத்திலேயே போய் நின்றார். கதவு பாதி சாத்தியிருந்தது.

“சாமி, அன்னிக்கு நான் பேசுனதெல்லாம் தப்புங்க” என்றார் அந்தக் கதவைப் பார்த்து. சத்தம் போடவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். “உங்க பொண்ணு ஒரு குத்தமும் பண்ணலைங்க.”

நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன். முந்நூறு பக்கம் எழுதியவளுக்கு மூன்று வாக்கியம் சொல்ல நாக்கு புரளவில்லை. கடிதம் கொண்டுபோனவள் நான் என்றும், கேட்டபோது பொய் சொன்னேன் என்றும், விசாலத்துக்கு எதுவுமே தெரியாது என்றும் சொன்னேன். இரண்டு மூன்று வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர்களில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

கதவு திறந்தது. இளம்பெண் ஒருத்தி, மாவு ஒட்டிய கையோடு வந்து நின்று எங்கள் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஆரு நீங்கள்ளாம்? ஆரைப் பாக்கணும்?”

விசாலம் குடையை மடக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி முன்னால் போனாள்.

“இந்த ஆத்துப் பொண்ணு நான். விசாலம்” என்றாள். “உள்ள வந்து ஒரு பிராவசியம் பாக்கட்டுமா?”

அந்தப் பெண் கதவை முழுக்கத் திறந்து ஒதுங்கி நின்றாள். விசாலம் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, படியேறி, தனியாக உள்ளே போனாள். நாங்கள் தெருவிலேயே நின்றோம். லூர்துசாமி தங்கையின் பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். எங்களைச் சித்தூருக்குக் கொண்டுபோக வேண்டிய நாலு மணி பஸ் தெருமுனையில் வந்து, ஹாரன் அடித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. யாரும் நகரவில்லை.